ஒரே கல்லில் மூன்று வட்டாரம்

கல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது நான் சொல்வது. வீட்டில் வேறு அளவு சொல்வார்கள். குவார்ட்ஸ் படிகங்களின் அடியில் மெழுகு போலப் படிந்திருக்கும் கால்சிடனிப் பட்டையைப் பார்த்தே அது எந்த வட்டாரத்துக் கல் என்று சொல்லிவிடுவேன். நீலம் ஓடினால் வடக்கு மலை, பால் வெள்ளை என்றால் ஆற்றுப் பள்ளத்தாக்கு, சிவப்பு என்றால் இரும்பு கலந்த தெற்குக் குவாரி. நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தையே இந்தக் கணக்கில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். அன்று மதியம் கல் ஆய்வாளர்கள் கூட்டத்தில் அதைப் பற்றித்தான் பேச இருந்தேன்.

காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, என் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் சாப்பாட்டு மேஜையில் மூன்று துண்டுகளை வைத்தாள்.

"அப்பா, இதெல்லாம் எந்த ஊர்க் கல்லுன்னு சொல்லுங்க."

சும்மா இருப்பேனா? இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து ஒவ்வொன்றையும் நக்கிப் பார்த்தேன். ஈரம் பட்டால்தான் பட்டை தெளிவாகத் தெரியும்; எங்கள் தொழிலில் யாரும் இதற்கு வெட்கப்படுவதில்லை. "வடக்கு மலை, பள்ளத்தாக்கு, தெற்குக் குவாரி," என்று வகுப்பில் முதலாவதாக வந்தவன் போலச் சொன்னேன்.

அவள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தாள். இடுக்கு தெரியாமல் பொருந்தின. ஒரே கல்.

"போன வாரம் நானே வடக்கு மலையில எடுத்து உடைச்சேன்," என்றாள். "ஒரே பாறைப் பொந்துக்குள்ள வேற வேற தாது கலந்த தண்ணி மாறி மாறி வந்திருக்கு. நிறமும் மாறியிருக்கு."

"உங்கப்பா உக்காந்த இடத்துலயே மூணு ஊரச் சுத்திட்டு வந்துட்டார்," என்றாள் மனைவி.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"ரெண்டு தடவ சொன்னேன்பா. நீங்க சிரிச்சீங்க." அவள் குரல் தாழ்ந்தது. "இன்னிக்கு நானும் அங்க உக்காந்திருப்பேன். யாராவது எழுந்து கேட்டு, எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிச்சா என்னால தாங்க முடியாது."

கோபம் போன இடம் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. இவள் என் மகள் என்று பெருமையாகவும் இருந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மறுபடி இஸ்திரி போடப் போனேன்.

மதியம் மேடையேறினேன்.

"என் கூடத்துல பாதிக் கல்லு தப்பான அலமாரியில இருக்கு. எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க என் மக. அவங்க பேசட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மேடைக்கு வருகையில் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.