நூற்று அறுபத்தெட்டுக்காரி

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பதில் ராசம்மாளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பத்து வருடமாகச் சாயங்கால எடையில் அவள் மூட்டைதான் முதல். எடைக் கணக்கு எழுதும் ரைட்டர் தனபால் கிலோவை உரக்கச் சொல்லும்போது அவள் கழுத்து தானாக நிமிரும்.

அந்த மார்கழியில் எடை போடும் இடத்திலேயே பிரஷர் மெஷினோடு வந்து உட்கார்ந்தாள் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் சிவரஞ்சனி. கூடப் பறிக்கும் சாந்திக்கு நூற்றுப் பதினெட்டு வந்தது. ராசம்மாளுக்குப் பொறுக்குமா? மூட்டையை இறக்கிய கையோடு, சுவெட்டரைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினாள்.

நூற்று அறுபத்தெட்டு.

"பாத்தியாடி சாந்தி! இதுலயும் நாந்தான் முதல்!"

எல்லாரும் கை தட்டினார்கள். சிவரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை.

"சுவெட்டரைக் கழட்டிட்டு அஞ்சு நிமிசம் பேசாம உக்காருங்கக்கா. மூட்டை தூக்கிட்டு வந்த உடனே பாத்தா ஏறித்தான் காட்டும்."

பேசாமல் உட்காருவது ராசம்மாளுக்குப் பெரும்பாடு. உட்கார்ந்தாள். அப்போதும் நூற்று அறுபத்து நாலு, கீழே நூற்று இரண்டு. அடுத்த இரண்டு நாளும் அதே கதைதான்.

"நூத்தியிருவது எம்பதுக்குள்ள இருந்தா நல்லதுங்க. திரும்பத் திரும்பப் பாத்தும் நூத்தி நாப்பது தொண்ணூறத் தாண்டுனா அது அதிகம். இதுல ஏறுனா தோல்விங்கக்கா."

"எனக்கு ஒரு தலைவலிகூட இல்லியே கண்ணு?"

"அதாங்க நொம்ப மோசம். சத்தமில்லாம இருந்து, ஒரு நாள் கை காலை இழுத்துப்புடும்."

ராசம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள். இந்தக் கை போய்விட்டால் அவளை யார் ராசம்மாள் என்பார்கள்?

மறுநாளே பஸ் ஏறி ஏற்காட்டில் டாக்டரைப் பார்த்தாள். மாத்திரையை ஒரு நாள் தவறவிடவில்லை. உயிரான கருவாட்டையும் ஊறுகாயையும் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. கஞ்சியில் உப்புக் குறைந்ததற்குப் புருசன் முருகன் முகத்தைச் சுளித்தான். அவள் சட்டை செய்யவில்லை.

மாசியில் சிவரஞ்சனி மறுபடி வந்தாள். ராசம்மாள் தானாகவே சுவெட்டரைக் கழற்றி, வாய் திறக்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். ஊரே அதிசயமாகப் பார்த்தது.

"நூத்தியிருவத்தாறு, எம்பது! மாத்திரைய மட்டும் உட்டுராதீங்கக்கா."

"ஏனுங்க ரைட்டரே, இதையும் சத்தமா சொல்லுங்க!" என்றாள் ராசம்மாள். தனபால் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அப்பவும் எனக்குத்தானக்கா கம்மி?" என்று சீண்டினாள் சாந்தி.

"போடி இவளே! உனக்கு அது சும்மா வந்தது. இது நான் பாடுபட்டு எறக்குனதுடி!"

சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கி எடையில் வைத்தாள். அன்றைக்கும் அவள்தான் முதல்.