பாதி முட்டை

பள்ளிக்கூடக் குழாயடியில் குந்தியிருந்து பிரேமிளா பெரிய சமையல் கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடியில் பருப்பு கருகிப் பிடித்திருந்தது. தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் வலக்கை மணிக்கட்டு விறைத்துப் போயிற்று. சமையல் கொட்டிலின் நிழலில் கதிரை போட்டுச் சுரேகா காத்திருந்தாள். பெற்றோர் சங்கத்தில் இந்தக் கிழமை அவளுடைய முறை. என்ன முறை என்று கேட்டால், சமையலுக்கு உதவி செய்கிற முறை என்று சொல்லுவார்கள். அவள் ஒரு வெங்காயம் உரித்ததைக்கூடப் பிரேமிளா காணவில்லை.

கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிரேமிளா தன் பையை எடுத்து, கேட்காமலே திறந்து பிடித்தாள். சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை.

"குறை நினையாதேங்கோ அக்கா," என்று சொல்லிக்கொண்டே சுரேகா குடையையும் தூக்கிப் பார்த்தாள்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அப்படிச் சொன்னவர் பள்ளிக்கூடத்தில் சமைத்தவராக இருக்க முடியாது. வெறும் பையோடு நடக்கத்தான் பிரேமிளாவுக்கு இப்போது பயமாக இருந்தது.

எல்லாம் முட்டையில்தான் தொடங்கியது. துணுக்காய்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் முதலில் சாமான் வாங்கிச் சமைத்துப் போடவேண்டும், காசு பிறகு வரும். மாதக்கணக்காக அந்தப் பிறகு வரவில்லை. முட்டை விலையோ ஏறிக்கொண்டே போனது. போய் முறையிட்டபோது, முட்டையைப் பாதியாக வெட்டச் சொன்னவர் பள்ளிக்கூட அதிபர்தான். காசு வந்ததும் முழுதாகப் போடலாம், இப்போதைக்கு இதை வெளியில் கதைக்கவேண்டாம் என்றார்.

வெட்டியும் போதவில்லை. கடைக்காரர் கடனுக்குத் தருகிற முட்டையைக் குறைத்துவிட்டார். பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது முட்டை முடிந்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டில் நின்ற ஊர்க்கோழிகள் இட்டதையும் கொண்டுபோய்ச் சேர்த்து அவித்தாள். ஊர்க்கோழி முட்டை சின்னது. ஒரு பிள்ளைக்குப் பெரிய பாதி, மற்றப் பிள்ளைக்குச் சின்னப் பாதி என்று வீடுகளில் கதை போனது. மிச்சப் பாதி எங்கே என்ற கேள்வி தானாக வந்து சேர்ந்தது. பெற்றோர் திரண்டு போய்க் கேட்டபோது, பாதி முட்டை பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அதிபர் கைவிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கூட்டம். சமையலை அவளிடமிருந்து எடுத்து வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று அன்றைக்கு முடிவெடுப்பார்கள். அந்த வேறு ஆள் சுரேகாவின் தங்கச்சியாக இருக்கலாம் என்று பிரேமிளாவுக்கு ஒரு சந்தேகம். இப்போதெல்லாம் அவளுக்கும் எல்லாரிலும் சந்தேகம்தான்.

மகள் லக்சிகா இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். பகலில் மச்சாள் வீட்டில் விட்டிருந்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிரேமிளா ஒழுங்கை வழியே நடந்தாள். வேலிக்கு மேலால் ஒருத்தி கேட்டாள், "என்ன பிரேமிளா, இண்டைக்கு என்ன கறி?"

பின்னேரத்தில் கண்டவர் எல்லாரும் கேட்கிற கேள்வி. முன்பெல்லாம் கேட்டவர்கள் பதிலுக்கு நிற்பதில்லை. இப்போது நிற்கிறார்கள்.

"கத்தரிக்காய்," என்றாள் பிரேமிளா.

வேறு எதைச் சொல்வது? பருப்பு வைத்தால் பள்ளிக்கூடத்துப் பருப்பு என்பார்கள். பூசணி தன் வேலியில்தான் காய்க்கிறது, ஆனால் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலும் பூசணிதான். சோயா, நெத்தலி, கீரை எல்லாவற்றுக்கும் அங்கே ஒவ்வொரு நாள் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலில் சேராமல் தப்பி நின்றது கத்தரிக்காய் ஒன்றுதான். வாரக்கணக்காகக் குழம்பும் வதக்கலும் பாற்கறியுமாக அதே கத்தரிக்காய். இனித் தன்னைக் கண்டால் கத்தரிக்காயே வெட்கப்படும் என்று புருசன் தயாபரன் பகிடி விட்டிருந்தான். பகிடிக்குப் பின்னால் எரிச்சல் இருந்தது.

பாயில் படுக்க வைத்ததும் லக்சிகா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சாப்பாடு கேட்டாள்.

"அம்மா, ஒரு முட்டை அவிச்சுத் தாறீங்களோ?"

பிரேமிளா பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு விட்டிருந்தது. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் அவள் கண் அரிசிப் பானைக்குப் போனது.

கோழிகள் இடுவதை நிறுத்திவிட்டன என்று அவள் வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் தயாபரன் சும்மா இருக்கமாட்டான். காசு தராதவர்களுக்கு வீட்டு முட்டையும் போகிறதா என்று நேரே அதிபரிடம் சண்டைக்குப் போவான். அத்தோடு சமையல் போய்விடும், வரவேண்டிய காசும் போய்விடும். அதனால் வேலையால் வந்ததும் யாரும் காணாமல் வைக்கோல் கும்பிக்குள் கைவிட்டு முட்டைகளை எடுத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். தயாபரன் முதலில் கீரிப்பிள்ளையைச் சந்தேகித்தான், பிறகு பாம்பை. கடைசியாக, இடாத கோழிக்குத் தீன் எதற்கு, அடித்துக் குழம்பு வைப்போம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாளைக்கு வியாழன், முட்டை நாள். ஒரு முட்டையை எடுத்தால் இரண்டு பிள்ளைகளுக்குப் பாதி இல்லை. ஆனால் லக்சிகா நாளைக்கும் பள்ளிக்கூடம் போகமாட்டாள், ஆக அதில் ஒரு பாதி அவளுடையது. மற்றப் பாதிக்கு யாராவது ஒரு பிள்ளை வராமல் இருக்கும். இப்படிக் கணக்குப் பார்த்த தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை. சொந்தக் கோழி, சொந்தப் பிள்ளை. இதற்கு ஒரு கணக்கு வேண்டிக் கிடக்கிறது.

பொரித்தால் மணம் ஒழுங்கை முழுவதும் போகும். அவிப்பதுதான் பத்திரம். புட்டுக்கு வைத்த தண்ணீருக்குள்ளேயே முட்டையை இறக்கி, மேலே புட்டு மா நிரப்பிய நீத்துப்பெட்டியை வைத்து மூடினாள். பக்கத்து அடுப்பில் கத்தரிக்காய் கொதித்தது.

தயாபரன் வயலால் வந்து கால் கழுவிவிட்டுக் கோப்பையோடு குசினியில் குந்தினான். அவன் புட்டைக் குழைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பிரேமிளா அடுப்புப் பக்கம் திரும்பி முட்டையை உரித்தாள். கோதைக் கைக்குள் பொத்திக்கொண்டு, முட்டையை மகளின் கோப்பையில் வைத்தாள். லக்சிகா தாயைப் பார்த்தாள். தயாபரனும் கண்டான். அவன் கை புட்டுக்குள் நின்றது.

அந்த நேரம் படலையடியில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு சுரேகா உள்ளே வந்தாள். கையில் இரண்டு தோடம்பழம். உண்மையான அக்கறையா, வேவு பார்க்கவா என்று பிரேமிளாவுக்கு விளங்கவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். குசினி வாசலில் நின்ற சுரேகாவின் கண் அடுப்புக்கும் சட்டிக்கும் போய், பிள்ளையில் வந்து நின்றது.

"பிள்ளைக்கு என்ன கறி?"

பிரேமிளா மகளின் பக்கம் திரும்பினாள். கோப்பையில் முட்டை இல்லை. புட்டு மட்டும் நடுவில் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"கத்தரிக்காய், அன்ரி," என்றாள் லக்சிகா. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

தோடம்பழங்களை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை கூட்டத்தை நினைவுபடுத்திவிட்டுச் சுரேகா போனாள். சைக்கிள் சத்தம் தேயுமட்டும் மூவரும் அசையாமல் இருந்தார்கள். பிறகு லக்சிகா புட்டைக் கிளறி முட்டையை வெளியில் எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அம்மா," என்றாள் மெதுவாக. "பள்ளிக்கூடத்து முட்டை எண்டு."

ஊரில் யாரார் சந்தேகப்பட்டாலும் தாங்கிக்கொள்ளப் பிரேமிளா பழகியிருந்தாள். இது அந்தப் பழக்கத்துக்குள் அடங்கவில்லை.

"இது எங்கட கோழி இட்டது, பிள்ளை."

லக்சிகா தகப்பனைப் பார்த்தாள். பிறகு, பாடமாக்கச் சொன்னதைப் பாடமாக்கி முடித்தவள்போலத் தலையாட்டினாள்.

"ஓம் அம்மா. ஆரும் கேட்டா அப்பிடியே சொல்லுறன்."

பிரேமிளா தயாபரனிடம் திரும்பினாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வாயைத் திறந்தாள்.

"கோழி இடுறேல்லை எண்டு நீதானே சொன்னனீ," என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. பிள்ளைக்காக எடுத்துவிட்டாள், போகட்டும் என்கிற இரக்கம்தான் இருந்தது. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அவன் எழும்பிப் போய்க் குசினிக் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து, அவளுடைய பொத்திய கையை விரித்து, நொறுங்கியிருந்த முட்டைக்கோதை எடுத்து அடுப்புத் தணலுக்குள் போட்டான். ஒரு துண்டும் வெளியில் தெரியாதபடி கொள்ளிக்கட்டையால் மேலே சாம்பலைத் தள்ளி மூடினான்.