யோகலிங்கம் சாப்பிடாத பதினொரு முட்டைகள்

1

சுவிஸின் பாடன் நகரில் என்னைப் போலச் சமைத்தவன் எவனும் இல்லை. மூன்றே நாளில் ஒரே மனிதருக்குப் பதினொரு முட்டை, இரண்டு கோழி, ஒரு முழு மீன் கொடுத்தேன். நான் அடுப்பு மூட்டவில்லை. அவர் வாய் திறக்கவில்லை.

நம்பமாட்டீர்கள். ஆனால் இந்தக் கதை பிறந்தது அப்படித்தான், ஒரு படிவத்தில்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'ஆற்றின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு...'

(வேண்டாம். யோகலிங்கம் ஆற்றைப் பார்த்து வருடக்கணக்காகிறது. பார்ப்பதெல்லாம் டயலிசிஸ் மெசினைத்தான்.)

வாரம் மூன்று நாள் அது அவருடைய இரத்தத்தைச் சுத்தம் செய்யும். அந்த ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர், ஒரு சுவிஸ் பெண்மணி, மூன்று நாள் சாப்பிட்டதையெல்லாம் ஒரு படிவத்தில் எழுதிவரச் சொன்னார். யோகலிங்கத்துக்கு ஜெர்மன் எழுத வராது. ஹோட்டல் குசினியில் முப்பத்தொரு வருடம் சமையலுக்கு நின்று ஓய்வு பெற்ற என்னிடம் வந்தார்.

"என்ன சாப்பிட்டனீர்?"

"கஞ்சி. நேற்றும் கஞ்சிதான். அதிலயும் பாதி."

"வேறை?"

"மனம் வரேல்லை அண்ணை. ஆனா அப்பிடியே எழுதிப்போடாதேங்கோ. நிரஞ்சினி எனக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லை எண்டெல்லோ நினைப்பினம்! அவள் விடிய வேலைக்கு ஓடமுதல் மூண்டு கறி வைச்சிட்டுப் போறவள்."

நிரஞ்சினி அவருடைய மனைவி. எங்கள் ஆட்கள் எந்த நோய் வருத்தத்தையும் ஒப்புக்கொள்வார்கள். வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குறை விழ மட்டும் விடமாட்டார்கள். ஆகவே எழுதினேன். எழுத எழுத எனக்கே பசித்தது. பன்னிரண்டாவது முட்டை கொஞ்சம் அதிகமாகப்பட்டது, வெட்டிவிட்டேன்.*

* என் வாழ்நாளில் நான் செய்த ஒரே திருத்தம்.

3

(இந்தப் பகுதியைச் சிரிப்பாக எழுதப் பார்த்தேன். மூன்று தாள் கிழித்தேன்.)

தராசும் எனக்கு உடந்தையாக நின்றது. யோகலிங்கத்தின் தசை கரைந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்தது; எடை அறுபத்தொரு கிலோவிலேயே நின்றது. இரத்தத்தில் மட்டும் புரதம் இறங்கிக்கொண்டே போனது. இவ்வளவு சாப்பிடுகிறவருக்கு ஏன் இறங்குகிறது? இரண்டு மாதமாக, குழாய் விட்டும் படம் எடுத்தும், இல்லாத நோயைத் தேடினார்கள். என் கோழிகளை நம்பித் தேடினார்கள். கடைசியில் நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சு முட்டி, வார்டில் கிடக்கிறார். கைப்பலம் அளக்கும் கருவியை ஆலோசகர் நீட்டினார். யோகலிங்கம் அதைப் பிடித்து அமத்த, முள்...

இந்த வசனத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

4

முடிவு ஒன்று: கட்டிலில் எழுந்திருந்து முட்டை சாப்பிடுகிறார். முடிவு இரண்டு: சாப்பிடவில்லை. எது என்று எனக்குத் தெரியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இன்று காலை வார்டு வாசலில் நடந்தது மட்டும்.

ஆலோசகரிடம் சொன்னேன்: படிவத்தில் இருந்ததெல்லாம் என் கற்பனை. அவர் நிரஞ்சினியைப் பார்த்தார். அவள் மறுத்தால் மறுபடியும் நோய் தேடப் போவார்கள்.

நிரஞ்சினி என் பக்கம் திரும்பினாள்.

"சும்மா அளக்காதேங்கோ அண்ணை. நான் வேலையால வரேக்க சாப்பாட்டுக் கோப்பை வழிச்சுத் துடைச்ச மாதிரிக் கிடக்கும். ஒண்டைப் பத்தாச் சொல்லுற உங்களை ஆர் நம்புறது?"

"ஓம் பிள்ளை. இண்டைக்கு மட்டும் ஒண்டை ஒண்டாத்தான் சொல்லுறன்."

அவள் வார்டுக் கதவின் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த யோகலிங்கத்தின் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆலோசகரிடம், தனக்குத் தெரிந்த ஜெர்மனில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இவர் சொல்வது உண்மை. என் கணவர் சாப்பிடவில்லை."

என்னிடம் தமிழில் சொன்னாள்:

"குப்பைப் பையை நான்தானே அண்ணை கீழ கொண்டுபோறனான். அந்தப் பாரம் எனக்குத் தெரியாதோ?"