முகம் சிவக்கும் மாத்திரை

மரியசெல்வம் வாத்தியாரின் அப்பா நாற்பத்தாறு வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அண்ணன் சூசை நாற்பத்துநாலைத் தாண்டவில்லை. அண்ணனை அடக்கம் செய்த மறுவாரமே, 1999இல், ஜெயமேரி தன் கணவரை விடாப்பிடியாகத் திண்டுக்கல்லில் ஓர் இருதய டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம். நாற்பதாவது இருக்க வேண்டிய நல்ல கொழுப்பு வெறும் இருபத்தெட்டு. டாக்டர் நியாசின் எழுதிக் கொடுத்தார். வைட்டமின்தான், ஆனால் பெரிய அளவில் என்றார்.

"சாப்ட்டு அரை மணி நேரத்துல மூஞ்சியெல்லாம் செவந்து எரியும். பயந்துறாதீங்க."

எரிந்தது. மதியமும் இரவும், காது மடலிலிருந்து கழுத்து வரை மிளகாய் அரைத்துப் பூசியது போல. வீட்டில் இருக்கும்போது ஜெயமேரி ஈரத்துண்டால் ஒற்றி எடுப்பாள். "செத்த நேரம் பொறுத்துக்கங்க" என்பாள். நாலு வருடம் அவர் ஒரு வேளை தவறவில்லை. நல்ல கொழுப்பு இருபத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்றானது. ரிப்போர்ட்டை மகன் பிரிட்டோவிடம் நீட்டி, "பாத்தியாலே, பாஸ் மார்க் வாங்கிட்டேன்" என்றார்.

ஊர் வேறு மாதிரிப் பார்த்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகமும் கண்ணும் சிவக்க வகுப்புக்குப் போகிறவரைக் குடிகாரர் என்று ஒரு மாணவனின் தகப்பன் புகார் எழுதினார். தலைமை ஆசிரியர் மருந்துச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் பத்தாம் வகுப்புக் கணக்கைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்.

2003 நவம்பரில் வடமதுரையில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். மண்டபத்தின் பின்னால் ஆண்கள் சிலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து மரியசெல்வம் செக்கச் சிவந்து வந்தார்.

"மச்சான் இன்னைக்கு நல்லா ஏத்திட்டாரு போல" என்றான் ஜெயமேரியின் தம்பி ராயப்பராஜ்.

அவள் எழுந்து போய், சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் நெருங்கி நின்று அவர் வாயை முகர்ந்தாள். ரச வாசனைதான் வந்தது.

"ஊதிக் காட்டவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குப் பிறகு அவர் முகம் சிவக்கவில்லை. "ஒடம்பு பழகிருச்சு" என்றார். போகப்போகக் குறையும் என்று டாக்டரும் முன்பே சொல்லியிருந்ததால் ஜெயமேரி நம்பினாள்.

அடுத்த ஆகஸ்டில், கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை. வயது நாற்பத்தேழு.

பள்ளிக்கூட மேசையிலிருந்த சாமான்களைப் பிரிட்டோ ஒரு பையில் கொண்டுவந்தான். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கூடவே இருந்த மருந்துக்கடை ரசீதுகளில் ஜெயமேரி தேதிகளைப் பார்த்தாள், வடமதுரைக்குப் போய்வந்த பிறகு வாங்கியவை எல்லாம் அப்படியே இருந்தன.

அன்று மதியம் சோறு தின்றுவிட்டு அதில் ஒன்றை விழுங்கினாள். அரை மணியில் தோலுக்கடியில் எறும்பு ஊர்ந்தது, பிறகு நெருப்பு. இதைத்தான் அவர் இரண்டு வேளையும் தாங்கினார். துண்டை எடுக்காமல் அது அடங்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போனாள்.

"நிறுத்துனதாலதான் போனாரா, டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. நம்பர் ஏறுனா நெஞ்சு தப்பிக்கும்னு நெனச்சுத்தான் குடுக்கறோம். எல்லாருக்கும் அது நடக்கறதில்ல. ஒழுங்கா சாப்ட்டிருந்தாலும் வந்திருக்கலாம்."

பழியைச் சுமக்கத்தான் அவள் வந்திருந்தாள். அவளால்தான் என்றால் கோயிலில் மண்டியிட்டுச் சொல்ல ஒரு பாவமாவது இருந்திருக்கும். அதுவும் இல்லை என்றாகி, அவர் எரிந்த நாலு வருடமும் சேர்ந்து வீணாகிப் போனது.

"பையனுக்கும் ஒருதரம் ரத்தம் பாத்துருங்க" என்றார் டாக்டர்.

வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற பிரிட்டோவுக்கு இருபத்தொரு வயது. சொன்னாள்.

"வேணாம்மா. தெரிஞ்சா மட்டும் என்ன செய்யப் போறோம்?"

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் வண்டியைக் கிளப்பினான்.