ஐந்து பத்துக்கு வந்த இருமல்

மார்ச் 14. திருத்தம்: காலை 5.10-க்கு அப்பா இருமியதாக எழுதியிருப்பது தவறு. இருமியது மைனா.

எழுதிய பிறகும் மகளுக்குச் சந்தேகம் தீரவில்லை. அப்பாவின் இருமலை எழுதிவைக்கச் சொன்னவர் டாக்டர். ஒன்பது மாதமாக நேரம், எத்தனை முறை, சளி உண்டா இல்லையா என்று எல்லாம் இந்த நோட்டில் இருந்தது. இன்று காலையும் படுத்தபடியே கேட்டு, '5.10, மூன்று முறை, வறட்டு' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் புரண்டு படுத்தாள். ஆறு மணிக்கு வெந்நீரோடு போனபோது அப்பாவின் கை சில்லிட்டு விறைத்திருந்தது; உயிர் போய்ச் சில மணி நேரமாவது ஆகியிருக்கும். அப்படியென்றால் நேற்றைய கடைசி வரியாவது அவருடையதா?

காலையில் எழுதிய வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டாள். அவள் படிக்கும் மாலை வகுப்பில், ஆய்வகக் குறிப்பேட்டுக்கு அதுதான் விதி. அடித்த வரியும் படிக்கத் தெரிய வேண்டும்.

அப்போது கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது. மூன்று இருமல், ஒரு செருமல், பிறகு சாவிக்குப் பல் வெட்டும் மெஷினின் கிறீச்சொலி.

அப்பா சாவி போடுகிறவர். இறக்கை ஒடிந்து கடை ஷட்டரடியில் கிடந்த மைனாவை எடுத்து, பதினோரு வருஷம் தன் தலைக்கு மேலேயே கூண்டில் தொங்கவிட்டிருந்தார். அது ஒரு வார்த்தை பேசியதில்லை; கேட்ட சத்தத்தைத்தான் திருப்பிப் போடும். வேலை செய்யாமல் சத்தம் மட்டும் போடுவதால் அவர் வைத்த பெயர் சூப்பர்வைசர். கடைக்குப் போக முடியாமல் ஆனபோது அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவள் சமையலறையிலிருந்து எழுந்து போனபோது, அப்பாவின் தலைமாட்டிலிருந்த கொக்கியிலிருந்து பெரியப்பா கூண்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க கொண்டு போறீங்க, பெரியப்பா?"

"அமரர் வண்டி மூணு மணிக்கு வருது. அதுக்குள்ள இதை எங்கயாவது விட்டுட்டு வந்துடறேன். வந்தவங்க எல்லாம் அரண்டு போயிருக்காங்க."

"அதுக்குப் பறக்க வராது."

"பூனைக்காவது ஆகட்டும்," என்றாள் அத்தை. "அண்ணனே எழுந்து இருமுற மாதிரி இருக்குடி. ஈரக்குலை நடுங்குது."

மகள் கூண்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நிஜமா இருமினப்பவும் உங்களுக்கு அப்படித்தான் இருந்துச்சு அத்தை. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு, 'அண்ணன் வீட்லயே இருக்கட்டும், அலைய வேணாம்'னு வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போனீங்க."

அத்தை செருப்புகள் கிடந்த பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப அதைக் கிளறுற நேரமா?" என்றார் பெரியப்பா. "உன்னையே ஏமாத்துன சனியன் இது. அஞ்சு பத்துக்குக்கூட இருமினாருன்னு நீதானே காலையில போன்ல சொன்னே?"

அவள் பிடியை விடவில்லை.

"ஏமாந்தது நான். அதுக்கு அது என்ன பண்ணும்? அது கேட்டதைச் சொல்லுது. நானும் அதுவும் ரெண்டு பேர்தான் தினமும் கேட்டோம். கூண்டைக் குடுங்க."

"குடுக்கலைன்னா?"

"நான் வண்டில ஏற மாட்டேன். அப்பாவையும் ஏத்த விடமாட்டேன்."

இருவர் கைக்கும் நடுவில் மைனா கம்பியில் நகர்ந்து நகர்ந்து நின்றது. பெரியப்பா தம்பியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிடி தளர்ந்தது.

"உள்ள எங்கயாவது மாட்டு."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அதே கொக்கியில் மாட்டினாள். இறங்குவதற்குள் மூன்று இருமல் கேட்டது. கூடம் தரையைப் பார்த்தது. அவள் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நோட்டு சமையலறையில் திறந்தபடியே கிடந்தது. அடித்த வரிக்குக் கீழே எழுதினாள்.

பகல் 12.40. மூன்று முறை. மைனா.

நாளை: 5.10-க்கு எழுந்திருக்க வேண்டும். சூப்பர்வைசருக்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.