மோதிரத்தை வெட்டிய அகப்பை

அன்று காலை இல்சான் கடற்கரையில் இருந்தவர்கள் இவர்கள்: நாற்பது வருடம் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற மா கப்சு, உலோகம் தேடும் கருவியைப் பிடித்திருந்த அவர் தம்பி கப்தோ, கைக்குழந்தையோடு கண் கலங்கி நின்ற உன்சில், வண்டியில் மீன் அப்பம் விற்கும் போங்நே.

தொலைந்தது குழந்தையின் மோதிரம். முதல் பிறந்தநாளுக்கு உன்சிலின் மாமியார் போட்டது. அந்த நாளுக்கான மோதிரத்தைச் சுத்தத் தங்கத்தில்தான் செய்வார்கள். பல் பட்டாலே தடம் விழும். போட்டோ எடுக்கும்போது ஈர மணலில் நழுவிவிட்டது.

கப்சுவின் கையில் இருந்த மணல் அகப்பை அவரே செய்தது. கடையில் விற்பது ஈர மணலில் வளைந்துவிடுகிறது என்று மூன்று வாரம் உழைத்திருந்தார். தடித்த எவர்சில்வர் தகட்டை வாளிபோல் உருட்டிப் பற்றவைத்து, மணல் மட்டும் ஒழுகும்படி ஓட்டை போட்டார். காலால் மிதித்து இறக்கப் பின்னால் ஒரு பட்டை. யார் முன்னாலும் குனிவது அவருக்குப் பிடிக்காது. அதனால் கைப்பிடி நெஞ்சு உயரம். அதில் 'மா' என்று குடும்பப் பெயரையும் பொறித்தார். அதோடு விடாமல், அகப்பையின் வாயைக் கிரைண்டரில் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, மண்ணு அள்ளப் போறோமா, மீன் அறுக்கப் போறோமா? போதும் விடுங்க" என்று கப்தோ அப்போதே சொன்னார்.

"இரும்பு வேலையில எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கருவி கீச்சென்றது. "இங்கதான் அண்ணே. ஒரு சாண் தள்ளி மிதிங்க."

"என்ன பெரியவரே, தங்கமா, சோடா மூடியா?" என்று போங்நே வண்டியிலிருந்து கத்தினாள்.

கப்சுவுக்குச் சுருக்கென்றது. சத்தம் வந்த இடத்திலேயே ஓங்கி மிதித்தார்.

மணல் ஒழுகியதும் மோதிரம் தெரிந்தது. ஒரு பக்கம் அறுந்து, வாய் பிளந்து கிடந்தது. அறுபட்ட இடம் புதிதாக மின்னியது. எந்த உலோகம் எப்படி அறும் என்று அவருக்குத் தெரியாதா?

"முன்னாடியே விரிசல் இருந்திருக்கும்மா" என்றார்.

கப்தோ கடலைப் பார்த்தார். உன்சில் குழந்தையோடு இடுப்பு வளையக் குனிந்தாள். "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன் ஐயா."

அந்தக் குனிவு மூன்று நாள் அவரைத் தூங்கவிடவில்லை. நான்காம் நாள் போங்நேயின் வண்டிக்குப் போய் ஒரு கோப்பை மீன் சாறு வாங்கினார். ஏழெட்டுப் பேர் நின்று தின்றுகொண்டிருந்தார்கள்.

"சேதி தெரியுமா பெரியவரே? அந்த மோதிரம் போலியாம்! மாமியார்க்காரி பித்தளைக்கு முலாம் பூசிப் போட்டிருக்கா. இல்லேன்னா தானா விரிசல் விடுமா? அந்த மாமியாரம்மா வெளிய தலைகாட்டவே இல்ல" என்றாள் போங்நே.

தன் பெயரைக் காப்பாற்ற, இன்னொரு வீட்டின் பெயரில் சேறு பூசியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் அவர் பெயர் தப்பும், யாரும் கேட்கப்போவதில்லை.

கோப்பையைக் கீழே வைத்தார். அத்தனை பேர் முன்னாலும், உன்சில் குனிந்த அளவுக்கே குனிந்தார். முதுகு வலித்தது. நிமிர்ந்து சொன்னார்:

"அது போலி இல்ல. அந்த அம்மா போட்டது சுத்தத் தங்கம். விரிசலும் இல்ல. என் அகப்பைதான் வெட்டிச்சு. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."