செங்கமலத்துக்கு ஒரு காவல்

சேலியமேட்டுச் சிவப்பிரகாசத்துக்கு ஈரலில் புற்று. அறுவடை வரை தாங்கினாலே பெரிது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விடியலில் பதிகம் ஓதாமல் பல்லில் நீர் படாத மனிதர். சாவுக்கு அவர் அஞ்சவில்லை. அஞ்சியதெல்லாம் மகள் செங்கமலத்தை எண்ணித்தான். முப்பத்து நான்கு வயது உடம்பில் நான்கு வயது மனம் அவளுக்கு. பிசைந்து கொடுத்தால் உண்பாள். பசித்தால் கேட்கத் தெரியாது.

ஆகவே மூன்று காணி நஞ்சையையும் வீட்டையும் அவளுக்காக டிரஸ்டாக எழுதி, விளைச்சலைக் கொண்டு அவளைப் பேண ஓர் அறங்காவலரை அமர்த்தத் துணிந்தார். யாரை என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. மறைந்த மனைவியின் தம்பி முத்துசாமி இருக்கிறான். காது குத்தும்போது மடியில் ஏந்திய தாய்மாமன். அவள் காலத்துக்குப் பின் நிலம் அவனையே சேரட்டும் என்றார். கூலியின்றிக் காப்பவனுக்கு அதுவே முறை என்பது அவர் எண்ணம்.

பாகூர் வக்கீல் உஷாராணி பேனாவை மூடினார்.

"ஐயா, அந்தப் பொண்ணு இருக்கற வரிக்கும் மாமாவுக்கு வேலைதான். அது செத்தா நிலம். அவர் கையிலயா சோத்துத் தட்டைக் குடுக்கறீங்க?"

சிவப்பிரகாசம் சினந்து எழுந்து வந்துவிட்டார்.

மறுநாளே மகளுடன் கிருமாம்பாக்கம் போய் முத்துசாமியிடம் செய்தியைச் சொன்னார். அவன் கண் கலங்கினான். அக்கா மகளைக் கண்போல் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்தவன், அங்கே குரலைத் தாழ்த்தினான்.

"தப்பா நெனைக்காத மாமா. இந்த மாதிரிப் பொண்ணுங்க எவ்ளோ வருஷம் இருப்பாங்கன்னு டாக்டர் எதுனா சொன்னாரா?"

அக்கேள்வியில் வஞ்சம் இல்லை. கரும்பு எந்த மாதம் வெட்டுக்கு வரும் என்று விசாரிக்கும் குரல்தான். அதனாலேயே திரும்பும் வழியெல்லாம் மகளின் மணிக்கட்டை அவர் விடவில்லை.

உறவில் எஞ்சியவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். எல்லார் கண்ணும் வரப்பிலேயே நின்றது. கடைசியில், அவர் வயலில் நடவாட்களை நடத்துபவளும், மனைவி போன நாள்முதல் செங்கமலத்தைக் குளிப்பாட்டித் துணி மாற்றுபவளுமான கலியம்மாளிடம் போய் நின்றார். நிலம் பின்னால் இத்தகைய பிள்ளைகளைப் பேணும் இல்லத்துக்குப் போகும், அவளுக்கு வராது என்று ஒளிக்காமல் சொன்னார். கணக்கையும் காகித வேலையையும் வக்கீல் உஷாராணியே பார்த்துக்கொள்வார் என்றார்.

"நிலத்த வச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்," என்றாள் அவள், நாற்றுக் கட்டை இறக்காமலே. "பாத்துக்கறேன். ஆனா எனக்கு அறுவத்தி மூணு ஆவுது ஐயா. அப்புறம்?"

அந்த ஒரு சொல் அவரோடு பதிவு அலுவலகம்வரை வந்தது. பத்திரத்தில் ஒரு வரி வெறுமையாக இருந்தது: கலியம்மாளுக்குப் பின் அறங்காவலர். எழுதாமல் விட்டால் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும் என்று உஷாராணி விளக்கினார். யாரை? அது அப்போதுதான் தெரியும்.

சிவப்பிரகாசம் கண்களை மூடினார். இறைவன் திருப்பெயர்கள் நாவில் வரிசையாக வந்தன. மனிதரில் ஒரு பெயர் வரவில்லை. வரியை அப்படியே விட்டுக் கையொப்பமிட்டார்.

வெளியே மதியச் சோற்று வேளை கடந்து நெடுநேரமாகியிருந்தது. செங்கமலம் பெஞ்சில் அமர்ந்திருந்தாள், எதுவும் கேளாமல்.